லீக் ஸ்டீரியோ 20-ஆ, டைனகோ ஸ்டீரியோ 70-ஆ? பழுது பார்க்கும் கையோடு ஓர் ஒப்பீடு

பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது சத்தம் எப்படி இருக்கும் என்று. வீட்டுக்கு வந்த பிறகு கேள்விகள் மாறிவிடும்: வால்வு ஏன் சிவக்கிறது, ஒரு பக்கம் மட்டும் ஏன் உறுமுகிறது, மீட்டரை எங்கே வைப்பது. நான் இந்த இரண்டையும் அந்தக் கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

லீக் ஸ்டீரியோ 20 பிரிட்டனில் 1958-இல் வந்தது. பக்கத்துக்கு இரண்டு இஎல்84 வால்வு, சுமார் 10 வாட். டைனகோ ஸ்டீரியோ 70 அமெரிக்காவில் 1959-இல் வந்தது. பக்கத்துக்கு இரண்டு இஎல்34, 35 வாட். இரண்டிலும் ரெக்டிஃபையர், அதாவது ஏசியை டிசியாக்கும் வால்வு, ஜிஇசட்34தான். சத்தம் வாங்குவது கடினமான ஸ்பீக்கர் என்றால் டைனகோதான், அதில் பேச்சில்லை.

உண்மையான வேறுபாடு பயாஸில், அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைக்கும் ஏற்பாட்டில், இருக்கிறது. லீக்கில் ஒவ்வொரு இஎல்84-க்கும் கேத்தோடில் (எலெக்ட்ரான் வெளியேறும் முனை) தனித்தனியாக 270 ஓம் ரெசிஸ்டர். வால்வு அதிகம் இழுத்தால் அந்த ரெசிஸ்டரில் வோல்ட் ஏறி, வால்வைத் தானே அடக்கும். திருப்புவதற்கு எதுவும் இல்லை. ரெசிஸ்டரின் இரு முனையில் மீட்டரை வைத்து 10.8 வோல்ட் காட்டினால், 270-ஆல் வகுத்தால் 40 மில்லிஆம்பியர். நாலு வால்வுக்கும் நாலு எண் கிடைக்கும். ஒன்று மட்டும் விலகினால் அதைப் பக்கத்து வால்வோடு மாற்றிப் போடுங்கள். விலகல் கூடவே போனால் வால்வு கெட்டது. அங்கேயே நின்றால் சாக்கெட்டைச் சுற்றியுள்ள பாகம். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

டைனகோவில் ஒரு பக்கத்தின் இரண்டு இஎல்34-க்கும் சேர்த்து ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர், ஒரே திருகு. முன்பக்க எட்டு முள் சாக்கெட்டில் 1.56 வோல்ட் வரும்படி வைத்தால் ஜோடிக்கு 100 மில்லிஆம்பியர். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு வால்வு 70, மற்றது 30 இழுத்தாலும் மீட்டர் அதே 1.56-ஐத்தான் காட்டும். அதனால் ஜோடி பொருந்திய வால்வு இதில் கட்டாயம்.

இன்னொரு பலவீனம், பயாஸுக்காக கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) எதிர் வோல்ட் தரும் செலினியம் ரெக்டிஃபையர். வயதாகி அது சரிந்தால் நாலு இஎல்34-உம் ஒன்றாகச் சிவக்கும். பெட்டி கைக்கு வந்ததுமே அதை எடுத்துவிட்டு 1என்4007 டயோடு போட்டு, பயாஸ் கண்டென்சர்களையும் மாற்றி, திருகை மறுபடி சரி செய்யுங்கள்.

சிவப்பை எப்படி அறிவது? விளக்கை அணைத்துப் பாருங்கள். நடுவே ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இயல்பு. கண்ணாடியில் லேசான நீலமும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. சாம்பல் நிற பிளேட்டில் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) மங்கலாகச் செந்திட்டு தெரிந்தால் உடனே அணைக்க வேண்டும். பயாஸ் சரியாக இருந்தும் சிவந்தால் கப்ளிங் கண்டென்சரை, அதாவது முந்தைய வால்விலிருந்து பாட்டை மட்டும் கடத்தி டிசியைத் தடுப்பதை, சந்தேகப்படுங்கள். பழைய பேப்பர் கண்டென்சர் கசிந்து கிரிட்டில் நேர் வோல்ட்டை விடும். லீக்கில் கிரிட்டில் சுழியம் இருக்க வேண்டும். வால்வை மாற்றிய பிறகும் ஒரு வோல்ட் நின்றால் கண்டென்சர்தான். லீக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும்: இஎல்84-இன் 12 வாட் எல்லையை ஒட்டியே அவற்றை ஓட்டுகிறது, வால்வு சீக்கிரம் களைக்கும்.

கரண்ட் விஷயத்தில் லீக் நம் ஊருக்கு ஒத்துப்போகும். அமெரிக்க வீட்டுக்காகச் செய்த டைனகோவுக்கு நம் 230 வோல்ட்டை 120-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்பீக்கர் கழன்ற நிலையில் பாட்டு ஓட விடக்கூடாது என்பது இரண்டுக்கும் பொது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அப்புறம், லீக்கில் 300, டைனகோவில் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கும். மீட்டரில் இறங்கியதைப் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

முதல் ஆம்ப்ளிஃபயர், வீட்டில் சாதாரண அறை, ஸ்பீக்கர் கொஞ்ச வாட்டிலேயே பேசும் என்றால் லீக்கை எடுங்கள் என்பேன். அதன் மூன்று ஈசிசி83 சிறு வால்வுகளும் இன்றும் புதிதாகவே தயாராகின்றன. டைனகோவின் 7199 சிறு வால்வின் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆயிற்று. டைனகோ வாங்குபவர் அதற்குப் பதிலாக 6ஜிஎச்8ஏ வால்வைப் பொருத்தும் அடாப்டருக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைக்க வேண்டும்.