ஏற்காடு ஏற எந்த சைக்கிள்? எம்டிபி, ரோடு பைக், ஹைப்ரிட் மூணையும் ஒரே ரோட்ல ஓட்டிப் பாத்த கதை

போன மாசம் வீட்டுக்காரம்மாவோட தம்பி போன் பண்ணான். "மாமா, சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன், ஏற்காடு ஏறணும், எம்டிபி தானே வாங்கணும், மலைக்குன்னு பேர்லயே இருக்கே?" அப்டின்னான். எட்டு வருசத்துக்கு முன்னாடி நானும் இதே லாஜிக்ல தான் கடைக்குள்ள போனேன், அதனால சிரிக்கவும் முடியல.

மொதல்ல அந்தப் பேரை விட்ருங்க. எம்டிபி, அதாவது மவுண்டன் பைக்குங்கறது மலை ரோட்ல ஏறுறதுக்குன்னு வந்தது இல்ல. 1970கள்ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் மரின் கவுன்டில கொஞ்சம் பசங்க பழைய தடி டயர் சைக்கிளை மலை மேல தூக்கிட்டுப் போயி மண் பாதையில கீழ இறக்கி ஓட்டினாங்க. 1976ல அதையே ரேஸா வச்சாங்க, அந்த ரேஸுக்குப் பேரு ரீபேக். ஏன்னா கீழ வந்து சேர்றதுக்குள்ள பின் சக்கரத்து நடுவுல இருக்கற ஹப் பிரேக்ல உள்ள கிரீஸ் சூட்டுல புகையா போயிடும், ஒவ்வொரு தடவையும் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைக்கணும். ஆக அது பொறந்ததே மண்ணுல இறங்குறதுக்கு. ஏற்காடு ரோடு தார் ரோடு. ஆனாலும் மச்சான் சொன்னது முழுசா தப்பும் இல்ல, அது எப்படின்னு கியர் கணக்குல சொல்றேன்.

நான் ஒப்பிடப் போற மூணு வண்டி: ஒண்ணு என்னோட பழைய எம்டிபி, 27.5 சைஸ் வீலு, 2.1 இன்ச் பட்டன் டயரு, முன்னாடி ஷாக், எடை கிட்டத்தட்ட 15 கிலோ. ரெண்டாவது ஆபீஸ் நண்பரோட ரோடு பைக், 25 எம்எம் டயரு, கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பாரு, பத்தரை கிலோ இருக்கும். மூணாவது பக்கத்து வீட்ல சும்மா நின்னுட்டு இருந்த ஹைப்ரிட், நேரான ஹேண்டில்பாரு, 38 எம்எம் டயரு, ஷாக் கிடையாது, 13 கிலோ. மூணையும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணா சேலம் அஸ்தம்பட்டில ஆரம்பிச்சு கோரிமேடு வழியா அடிவாரம், அங்கிருந்து மேல ஏற்காடு வரைக்கும் ஓட்டினேன். இடையில ஒரு நாள் மூக்கனேரி ஏரிக்கரை மண் பாதையிலயும் இறக்கிப் பாத்தேன்.

சமதளத்துல ரோடு பைக்கை அடிச்சுக்க ஆளே இல்ல. காலைல அஞ்சரைக்கு ரோடு காலியா இருக்கறப்ப எனக்கே மணிக்கு 26, 27 கிலோமீட்டர்னு காட்டுது மீட்டரு, அதே உழைப்புக்கு எம்டிபில 19 தாண்ட மாட்டேங்குது. எடைதான் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க, சமதளத்துல எடை பெருசா வேலை செய்யாது, டயரும் நாம உக்கார்ற விதமும்தான். பட்டன் டயர் தார்ல ஓடுறப்ப ஒரு ஊய்ங்ங்னு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தம் பூராவும் நீங்க மிதிச்ச மிதி தான், ரோட்டுக்கு தானம் பண்ணிட்டு இருக்கீங்க. அப்புறம் 25க்கு மேல போகப்போக உழைப்புல பெரும்பகுதி காத்தோட மல்லுக்கட்டவே போயிடும், நெஞ்சை நிமுத்தி உக்காந்துட்டு எம்டிபில அதைப் பண்றது ரொம்ப கஷ்டம், ரோடு பைக்ல குனிஞ்சுதான் இருப்பீங்க. ஆனா அந்தக் குனிவுக்கு ஒரு விலை இருக்கு. மொத நாள் 20 கிலோமீட்டர்லயே எனக்குக் கழுத்தும் உள்ளங்கையும் மரத்துப் போச்சு. பழகிடும்ங்கறாங்க, பழகறதுக்கு ஒரு மாசமாவது ஆகும், அந்த ஒரு மாசத்துலதான் பாதிப் பேரு வண்டிய மொட்டை மாடிக்கு ஏத்திடறாங்க.

இப்ப மலை. அடிவாரத்துல இருந்து சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, உயரக் கணக்குல ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும். இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் எடையைப் புடிச்சுட்டுத் தொங்குவாங்க. நான் 72 கிலோ, தண்ணி பாட்டில் பம்பு எல்லாம் சேத்து 75ன்னு வைங்க. எம்டிபியோட 90, ரோடு பைக்கோட 85 ஆகுது. வித்தியாசம் அஞ்சு சதவீதத்த ஒட்டித்தான். ரெண்டு மணி நேர ஏத்தத்துல ஆறு, ஏழு நிமிசம், அவ்ளோதான். (அந்த அஞ்சு கிலோவ என் வயித்துல குறைச்சா இன்னும் சல்லிசா முடியும்னு என் வீட்ல சொன்னாங்க, அந்தப் பேச்சு வேண்டாம்.)

உண்மையான விசயம் கியர்ல இருக்கு. நண்பரோட ரோடு பைக்ல முன்னாடி இருக்கற சின்ன பல்சக்கரம் 34 பல்லு, பின்னாடி பெருசு 28 பல்லு. நிமிசத்துக்கு 60 மிதி மிதிச்சா, இருக்கறதுலயே லேசான கியர்லயும் வண்டி மணிக்கு 9 கிலோமீட்டர் போயே ஆகணும். போக முடியலன்னா மிதி 45, 40ன்னு இறங்கும், ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுற மாதிரி முட்டியில வந்து உக்காரும். என் எம்டிபில முன்னாடி 24, பின்னாடி 34, அதே 60 மிதிக்கு வண்டி அஞ்சரை கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்தா போதும். ஹைப்ரிட்ல 28க்கு 34, ஆறரை கிலோமீட்டர். அதாவது உடம்பு பழகாத ஆளு வேர்த்து விறுவிறுத்தாலும் கால் தரையில ஊனாம மேல போயி சேர எம்டிபி, ஹைப்ரிட் ரெண்டும் விடும், அந்த ரோடு பைக் விடாது. மச்சான் சொன்னதுல இருக்கற உண்மை இதுதான், ஷாக்குக்கும் தடி டயருக்கும் இதுல சம்பந்தமே இல்ல, முன்பக்கச் சின்ன பல்சக்கரத்துக்கும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கும்தான் சம்பந்தம். ரோடு பைக்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்கன்னா பின்னாடி 32 இல்ல 34 பல்லு வர்ற மாடலா பாத்து வாங்குங்க, இப்ப வர்ற நிறைய வண்டில அது இருக்கு.

நேரம் கேப்பீங்க. எம்டிபில எனக்கு ரெண்டு மணி 25 நிமிசம், நாலு இடத்துல நின்னேன். ரோடு பைக்ல ரெண்டு மணி 5, ஆனா 11வது வளைவுக்கு மேல ரெண்டு தடவை இறங்கித் தள்ளினேன், வளைவுல உள்பக்கம் புடிச்சு ஏறினா சுவரு மாதிரி இருக்கு, வெளிப்பக்கம் அகலமா போகணும்னு அன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு. ஹைப்ரிட்ல ரெண்டு மணி 10 நிமிசம், தள்ளவே இல்ல. நானே எதிர்பாக்கல. வெறும் வீட்டு சைக்கிள்னு நெனச்ச வண்டி.

இறக்கம் வேற கதை. ஏறுறப்ப தோத்த எம்டிபி இறங்குறப்ப ராஜா. அகலமான ஹேண்டில்பாரு, டிஸ்க் பிரேக்கு, ரெண்டு விரல் போதும். ரோடு பைக்ல இருந்தது ரிம் பிரேக்கு, ரப்பர் கட்டை வீலோட விளிம்பையே புடிக்கற வகை, நான் பயத்துல பிரேக்கை விடாம புடிச்சுட்டே வந்தேன், அது தப்பு, ரிம்மு சூடாயிடும், வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்திப் புடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு வளைவுக்குள்ள விட்டுடணும். ஈரம் இருந்தா ரிம் பிரேக் புடிக்க ஒரு நொடி யோசிக்கும், பனி எறங்குன காலைல அந்த ஒரு நொடி ரொம்ப நீளம். குரங்கு வேற நடு ரோட்ல குடும்பத்தோட உக்காந்திருக்கும். மலை இறங்குறதுதான் உங்க ஆசைன்னா எந்த வகை வாங்கினாலும் டிஸ்க் பிரேக்கா வாங்கிடுங்க, முடிஞ்சா ஹைட்ராலிக், அதாவது கம்பிக்குப் பதிலா எண்ணெய் அழுத்தத்துல புடிக்கறது.

மூக்கனேரி கரையில சொல்லவே வேணாம், ரோடு பைக்கை பத்து நிமிசத்துல தோள்ல தூக்கிட்டேன். 25 எம்எம் டயர்ல 90, 100 பிஎஸ்ஐ காத்து இருக்கும், கல்லு மேல ஏறுனா பல்லு கிட்டிக்கும். சரி காத்தைக் குறைப்போம்னு குறைச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் மாட்டி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும், விழுந்துச்சு. எம்டிபில 35 பிஎஸ்ஐ வச்சுட்டு மெத்தை மேல போற மாதிரி போனேன், ஹைப்ரிட் ஆடிக்கிட்டே சமாளிச்சுது. ஆனா நம்மள்ல எத்தனை பேரு வாரம் தவறாம மண்ணுல ஓட்டப் போறோம்? காட்டுப் பாதையில போலாம்னு கனவு இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, சேர்வராயன் மலையாகட்டும் மத்த எங்கயாகட்டும் காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம சைக்கிள் விட்டா அது குத்தம். மிச்சம் இருக்கறது ஏரிக்கரை, தோட்டத்துப் பாதை, ஊர்ப்புற மண் ரோடு. அதுக்கு 38, 40 எம்எம் டயரே தாராளம்.

பஞ்சர் பத்தி தனியா சொல்லணும், கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. ரோடு பைக் டியூப்ல பெரும்பாலும் பிரெஸ்டா வால்வ், மெல்லிசா பென்சில் மாதிரி இருக்கும். நம்மூரு பஞ்சர் கடை அண்ணனுக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் அதுல காத்தடிக்க வழி இல்ல. பித்தளையில ஒரு சின்ன அடாப்டர் வரும், அதைத் திருகிட்டா பங்க்ல அடிக்கலாம், ரெண்டு வாங்கிப் பையில போட்டுக்கங்க, ஏன்னா ஒண்ணு தொலைஞ்சுடும். எம்டிபி, ஹைப்ரிட்ல நிறைய மாடல்ல மோட்டார் பைக் மாதிரியே வால்வ், எந்தக் கடையிலயும் நடக்கும். மத்தபடி சீமைக்கருவேல முள்ளுக்கு எம்டிபி, ரோடு பைக்குன்னு பாகுபாடு கிடையாது, எல்லாத்தையும் குத்தும். மாத்து டியூபு, டயர் கழட்டுற பிளாஸ்டிக் நெம்பு, கைப்பம்பு இந்த மூணும் இல்லாம அடிவாரம் தாண்டாதீங்க.

காசுக்கு வருவோம். நல்ல ஹைப்ரிட் 15ல இருந்து 25 ஆயிரத்துக்குள்ள முடிச்சிடலாம், ரோடு பைக் ஆரம்பமே 30 ஆயிரத்த ஒட்டி வரும். எம்டிபிதான் குழப்பம், ஏன்னா 9 ஆயிரத்துலயும் கிடைக்கும் 90 ஆயிரத்துலயும் கிடைக்கும், பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். நான் மொத மொத ஏமாந்தது இங்கதான். முன்னாடி ஒரு ஷாக், நடுவுல ஒரு ஷாக், 21 கியரு, ஆரஞ்சு கலரு, பாத்ததும் விழுந்துட்டேன். நடு ஷாக்ல வெறும் ஸ்பிரிங் மட்டும்தான், நின்னு மிதிச்சா வண்டி முன்னாடி போகாம மேலயும் கீழயும் குதிக்கும், கோரிமேடு மேட்டுலயே குதிரை சவாரி. 21 கியருங்கறதும் ஏமாத்து வேலை, மூணு பெருக்கல் ஏழு, அதுல பாதி ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரிதான் இருக்கும். பின்னாடி பல்சக்கரமெல்லாம் ஒரே கொத்தா ஹப்ல திருகி மாட்டுற ஃப்ரீவீல், அந்த அமைப்புல வலது பக்கம் பேரிங் உள்ள தள்ளி இருக்கறதால ஆக்சிலுக்கு முட்டு கம்மி, ஆறு மாசத்துல என்னோடது வளைஞ்சுடுச்சு. வித்த கடையில கேட்டா "ஏங்க நீங்க வெயிட்டு"ன்னுட்டாங்க. ஆகவே 15 ஆயிரத்துக்குக் கீழ எம்டிபி வாங்கறதுக்கு பதில் அதே காசுல ஷாக் இல்லாத வண்டி வாங்குங்க, ஷாக்குக்குப் போற காசு கியருக்கும் பிரேக்குக்கும் போகும். 2025 செப்டம்பர்ல சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா இறங்கியிருக்கு, பழைய விலைப் பட்டியலை வச்சுட்டு பேரம் பேசாதீங்க.

செகண்ட் ஹேண்டும் பாக்கலாம், கொரோனா நேரத்துல வாங்கி நாலு நாள் ஓட்டி நிறுத்தினது இன்னும் ஊர்ல நிறைய கிடக்கு. ஃபிரேம்ல வெல்டிங் பக்கம் விரிசல் இருக்கான்னு துணியால துடைச்சுப் பாருங்க, வீலைத் தூக்கி சுத்திவிட்டு ஆட்டம் பாருங்க. எல்லாத்தையும் விட சைஸ். அஞ்சடி ஆறு அங்குல ஆளு எல் சைஸ் வண்டிய பாதி விலைக்குக் கிடைச்சுதுன்னு வாங்கினா மிச்சப் பாதிய முதுகு வலிக்குக் குடுக்கணும். சீட்ல உக்காந்து குதிகாலைக் கீழ இருக்கற பெடல்ல வச்சா கால் நேரா நீளணும், அதான் சீட் உயரம். நம்மாளுங்க முக்கால்வாசிப் பேரு ரெண்டு இன்ச் கீழ வச்சுட்டு முட்டி வலிக்குதும்பாங்க.

அப்ப ரோடு பைக் யாருக்கு? நீளமா போகணும்னு வெறி இருக்கறவங்களுக்கு. பிஆர்எம்னு ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணம் இருக்கு, இந்தியாவுல ஆடாக்ஸ் இந்தியா நடத்துறது, 200 கிலோமீட்டரை பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும், ரேஸ் இல்ல, முடிச்சா போதும். அடுத்து 300, 400, 600ன்னு போகும். ஹைப்ரிட்லயும் 200 முடிக்கறாங்க, சட்டத்துல தடையே இல்ல, ஆனா நூறு தாண்டினதும் நேர் ஹேண்டில்பார்ல கைய மாத்தி வைக்க இடம் இருக்காது, வளைஞ்ச ஹேண்டில்பார்ல மூணு விதமா புடிக்கலாம். மேட்டூர் போயிட்டு வந்தா நூறு கிலோமீட்டர், அதை ஹைப்ரிட்ல ரெண்டு தடவை முடிச்சுட்டு இன்னும் ஆசை அடங்கலன்னா அப்ப ரோடு பைக் வாங்குங்க, 28 எம்எம் டயர் போற மாதிரி.

எம்டிபி வீட்டு வாசல்லயே மண் ரோடு இருக்கறவங்களுக்கும், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் போயிட்டு வர்றவங்களுக்கும், இறக்கத்துல பயம் உள்ளவங்களுக்கும். நான் இன்னும் என்னோடத விக்கல, பட்டன் டயரைக் கழட்டிட்டு வழுவழு டயர் போட்டேன், அதே ரோட்ல ரெண்டு மூணு கிலோமீட்டர் வேகம் கூடிச்சு. ஏற்கனவே எம்டிபி வச்சிருந்தா புது வண்டி கனவுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க.

மச்சான் கடைசியில பக்கத்து வீட்டு ஹைப்ரிட்டையே 8 ஆயிரம் குடுத்து வாங்கிட்டான், செயின் மட்டும் மாத்துனோம். அவன் கேட்ட ஒரே கேள்வி, "மாமா, இதுல ஷாக் இல்லன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்களே?" கிண்டல் பண்றவனை எல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு கோரிமேட்டுக்கு வரச் சொல்லுடான்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தனும் வரல.