நிச்சயதார்த்த மோதிரம்: தொகையைக் கடையில் சொன்னதால் நான் ஏமாந்த கதை

நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் எடுக்கப் போகிறவர்கள், எவ்வளவு செலவு செய்வது என்று வீட்டில் முடிவு செய்த தொகையைத் தயவுசெய்து கடையில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். 2024 ஜனவரி கடைசி வாரத்தில், சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய நகைக்கடையில், "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று விற்பனையாளர் கேட்டவுடன் "தொண்ணூறாயிரம்" என்றேன். சற்று நேரத்தில் அவர் எடுத்து வந்து வைத்த மோதிரத்தின் விலை, வரியோடு சேர்த்து 89,633 ரூபாய். நினைத்த தொகைக்குள் அடங்கிவிட்டதே என்று அன்று மகிழ்ந்தேன். நான் சொன்ன தொகைக்கு ஏற்றபடி கணக்குதான் அங்கே எழுதப்பட்டது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

தொண்ணூறாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது மாதச் சம்பளம் 45,000 ரூபாய். மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் செலவிடுவதுதான் முறை என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். நானும் அதை நெடுநாள் வழக்கம் என்றே நம்பினேன். அது வழக்கமே அல்ல. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1980களில் அமெரிக்காவில் செய்த விளம்பரத்தின் வழியாகப் பரவிய கணக்கு அது. அதே நிறுவனம் ஜப்பானியர்களிடம் மூன்று மாதச் சம்பளம் என்று விளம்பரம் செய்தது. எங்கள் வீட்டில் மோதிரம் என்றால் அரைப் பவுன், முக்கால் பவுன் என்று எடையைச் சொல்லித்தான் பேசுவார்கள். அம்மாவும் அரைப் பவுனில் கல் வைக்காத மோதிரம் போதும் என்றுதான் சொன்னார். எடையைச் சொல்லிக் கேட்கிறவரிடம் விலையைக் கூட்டுவது கடினம் என்பதை அம்மா அறிந்திருந்தார்; நான் அறிந்திருக்கவில்லை.

வாங்கிய மோதிரம், பூப்போல அமைந்த ஏழு சிறு வைரக் கற்கள் பதித்தது. பில்லில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். மொத்த எடை 4.200 கிராம்; கிராம் 5,800 ரூபாய் வீதம் 24,360 ரூபாய். சேதாரம் 20 சதவீதம், 4,872 ரூபாய். ஸ்டோன் 0.62 காரட், காரட் 92,000 ரூபாய் வீதம் 57,040 ரூபாய். சான்றிதழ்க் கட்டணம் 750 ரூபாய். இவற்றின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. இந்த நான்கு வரிகளை நான் அன்று ஒரு முறை நிதானமாகப் படித்திருந்தாலே போதும்.

திருமணம் வைகாசியில் நடந்தது. ஆடிக்கு மனைவியின் ஊரான கும்பகோணம் சென்றிருந்தபோது, மோதிரம் விரலில் தளர்வாக இருக்கிறது என்று என் மாமனார் தமக்குப் பழக்கமான, நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் கண்ணாடியை வைத்து மோதிரத்தின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதில் 750 என்று முத்திரை இருக்கிறது, இது 18 காரட் பொன்" என்றார். கைப்பேசியில் இருந்த பில்லைக் காட்டினேன். வைர நகையை 18 காரட்டில் செய்வது இயல்புதான், ஆனால் விலையை 22 காரட்டுக்குப் போட்டிருக்கிறார்களே என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அன்றைய 18 காரட் விலை கிராமுக்கு ஏறக்குறைய 4,750 ரூபாய். அத்துடன், பொன்னில் காரட் என்பது தூய்மையின் அளவு, கல்லில் அது எடை; கல்லின் ஒரு காரட் 0.2 கிராம் என்பதால், கற்களின் எடையான 0.124 கிராமைக் கழித்து 4.076 கிராமுக்குத்தான் பொன் விலை போட்டிருக்க வேண்டும். கல்லுக்குத் தனியே பணம் வாங்கிக்கொண்டு, அதே கல்லைப் பொன்னோடும் சேர்த்து எடை போட்டிருக்கிறார்கள். சேதாரமும் வரியும் சேர, இந்த ஒன்றில் மட்டும் நான் கூடுதலாகக் கொடுத்தது 6,179 ரூபாய்.

பெரிய இழப்பு கற்களில்தான் இருந்தது. கடையில் "இ.எஃப்., வி.வி.எஸ்." என்று நிறத்தையும் தெளிவையும் உயர்வாகச் சொல்லி, பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்து, அது ஒலி எழுப்புவதைக் காட்டினார்கள். அந்த ஒலியைக் கேட்டு நான் முழுமையாக நம்பினேன். அந்தக் கருவி கல் வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரமும் சுரங்க வைரத்தைப் போலவே கரிமத்தால் ஆனது என்பதால் அதிலும் ஒலி எழும். வைரமே அல்லாத மாய்ஸனைட் என்ற கல்லும் பல நேரங்களில் அந்தச் சோதனையில் தேறிவிடும். பத்தர் சொல்லித்தான் சென்னை திரும்பியதும் ஒரு ரத்தினச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். ஏழு கற்களும் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டவை என்று எழுதித் தந்தார்கள்.

அவை போலிக் கற்கள் என்று நான் சொல்லவில்லை. அவையும் வைரம்தான், தெரிந்தே, அதற்குரிய விலையில் வாங்குகிறவர்களுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. நான் விசாரித்த இரண்டு கடைகளில் இதே அளவுள்ள அத்தகைய கற்களுக்குக் காரட்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் யாரும் சொல்லவில்லை. என்னிடம் வாங்கியது 92,000. சுரங்க வைரமாகவே இருந்தாலும், 0.62 காரட் எடையில் ஒரே கல்லுக்குரிய விலையை, அதே எடைக்குச் சேரும் ஏழு பொடிக் கற்களுக்குக் கேட்கக் கூடாது. கல் பெரிதாக ஆக ஆகத்தான் காரட் விலையும் ஏறும். கடையில் கொடுத்த சான்றிதழ் அவர்களே அச்சிட்ட அட்டை. அதில் இருந்த எண்ணை எந்த ஆய்வகத்தின் தளத்திலும் சரிபார்க்க முடியவில்லை.

ஹால்மார்க் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் நான் மற்ற எதையும் கேட்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யூ.ஐ.டி. என்ற ஹால்மார்க் குறியீடு இல்லாமல் பொன் நகை விற்கக் கூடாது, இரண்டு கிராமுக்குக் குறைந்தவை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. என் மோதிரத்திலும் அது முறையாகவே இருந்தது. அந்தக் குறியீட்டை, ஹால்மார்க் வழங்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் இட்டால் பொன்னின் தூய்மை தெரியும்; பணம் கட்டும் முன் கடையிலேயே அதைப் பார்த்திருந்தால் 18 காரட் என்பது அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் ஹால்மார்க் பொன்னுக்கு மட்டுமே சாட்சி சொல்கிறது. கல்லைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

கடைக்கு மூன்று முறை போனேன். "பில்லில் ஸ்டோன் என்றுதான் சார் இருக்கிறது, இயற்கை வைரம் என்று எங்கே எழுதியிருக்கிறோம்?" என்று மேலாளர் கேட்டார். வாயால் சொன்ன எதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகவே கல் வாங்குகிறவர்கள், இயற்கை வைரமா, ஆய்வக வைரமா, எத்தனை கற்கள், மொத்தம் எத்தனை காரட், பொன்னின் நிகர எடை எவ்வளவு, எந்த காரட், திரும்பக் கொடுத்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் அந்த இழப்போடு எழுந்து வந்துவிடுவது மேல்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதில் தீராததால் 2025 மார்ச் மாதம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நோட்டீஸ் போனதும் பொன் விலையில் கூடுதலாக வாங்கிய 6,179 ரூபாயைக் காசோலையாக அனுப்பிவிட்டார்கள். கற்களைப் பற்றிய பகுதி இன்னும் விசாரணையில் இருக்கிறது. சோதனைக்கூட அறிக்கையின் அசலையும் மோதிரத்தையும் அடுத்த வாய்தாவுக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.