இடக்கை வேட்டைத் துவக்கு: டிக்கா டி3எக்ஸ் லைட்டா, சவேஜ் 110 ஸ்டோர்மா?

ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குத் துவக்கு வாங்கப் போகும் இடக்கைக்காரருக்குக் கடையில் தெரிவு மிகக் குறைவு. சுவர் நிறைய வலக்கைத் துவக்குகள் இருக்கும். இடக்கை போல்ட், அதாவது ரவையை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் உதவும் கைப்பிடித் தண்டு இடப்பக்கம் வைத்தவை, ஒன்றோ இரண்டோ ஒரு மூலையில் நிற்கும். அந்த மூலையில் அடிக்கடி எதிரெதிரே நிற்பவை பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் லைட்டும் அமெரிக்காவின் சவேஜ் 110 ஸ்டோர்மும். இரண்டையும் ஸ்டெயின்லெஸ் எஃகில், தோளில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டாக்கோடு, .308 வின்செஸ்டர் ரவைக்கு வாங்கலாம். நான் டிக்காவை வாங்கினேன். எங்கள் வேட்டைக் குழுவில் இன்னொரு இடக்கைக்காரர் சவேஜ் வைத்திருக்கிறார். அதைச் சுடுதளத்தில் நிறையச் சுட்டிருக்கிறேன், காட்டில் கொஞ்சம்தான் சுமந்திருக்கிறேன். அதனால் சவேஜைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் கழித்துப் படியுங்கள்.

இடக்கை போல்ட் ஏன் வேண்டும் என்று நீட்டி விளக்கத் தேவையில்லை. வலக்கைத் துவக்கை இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு ரவைக்கும் கையை ஸ்கோப்புக்கு மேலால் கொண்டுபோய் போல்ட்டை இழுக்க வேண்டும். வெற்றுக்கோது வெளியேறும் வாசலும் முகத்துப் பக்கமே திறக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எழுதும் கை எது என்பதைவிட ஓங்கிய கண், அதாவது குறிபார்க்கும்போது முந்தி நிற்கும் கண், எது என்பதுதான் பெரிது. வலக்கையால் எழுதுபவர்களிலும் இடக்கண் ஓங்கியவர்கள் உண்டு, அவர்களுக்கும் இந்தத் துவக்குகள்தான் சரி.

குறி தவறாமையில் இரண்டுக்கும் சண்டை வைக்க எனக்கு விருப்பமில்லை. 3 ரவைகளுக்கு ஒரு எம்ஓஏ, அதாவது 100 மீற்றரில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர், என்று டிக்கா உறுதி தருகிறது. சவேஜும் அந்த அளவில் போடும் என்பதை நண்பரின் அட்டைகளில் பார்த்திருக்கிறேன். வெள்ளைவால் மானின் நெஞ்சில் குறிவைக்கும் இடம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் அகலம். இரண்டில் எதை எடுத்தாலும் குறி தவறினால் காரணம் பெரும்பாலும் துவக்காக இருக்காது. விசையும் அப்படித்தான். டிக்காவின் விசையை இழுக்க வேண்டிய பாரத்தை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை மாற்றிக்கொள்ளலாம், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சுத்தமாக விடும். அக்யூட்ரிகர் என்ற சவேஜின் விசை நடுவில் ஒரு மெல்லிய நாக்கோடு வரும். அதுவும் நல்ல விசைதான். தடித்த கையுறையோடு அந்த நாக்கைச் சரியாக நடுவில் அழுத்துவதற்குக் கொஞ்சம் பழக வேண்டும்.

எடையில் டிக்கா ஏறத்தாழ 3 கிலோ, சவேஜ் அதைவிட 300 கிராம் அளவு கூட. நாள் முழுக்கப் பாறையும் சேறும் ஏறி இறங்குபவருக்கு டிக்கா இனிக்கும். சுடுதளத்தில் வரிசையாக 20 ரவை போட்டால் சவேஜ் தோளுக்கு இதமாக இருக்கும். மரத்துப் பரணில் அசையாமல் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை.

இரண்டு விஷயங்களில் சவேஜ் தெளிவாக முன்னால் நிற்கிறது. முதலாவது சேஃப்டி, அதாவது தவறி வெடிக்காமல் விசையைப் பூட்டி வைக்கும் பொத்தான். சவேஜில் அது போல்ட்டுக்குப் பின்னால், ஸ்டாக்கின் கழுத்தில் நடுவே இருக்கிறது. எந்தக் கைக்காரரின் பெருவிரலும் தானாக அங்கே போகும். அதில் மூன்று நிலைகள். நடு நிலையில் விசை பூட்டியிருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். பகல் முடிந்து ரவையை வெளியே எடுக்கும்போது சேஃப்டியைப் போட்டபடியே எடுக்கலாம். டிக்காவின் சேஃப்டிக்கு இரண்டே நிலைகள்; போட்டால் போல்ட்டும் பூட்டிவிடும். ரவையை எடுக்க வேண்டுமானால் சேஃப்டியைத் தளர்த்தியே ஆக வேண்டும். குழலை நிலத்துப் பக்கம் வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அதைச் செய்வது எனக்குப் பழகிவிட்டது. என்றாலும் முதன்முதலாக வேட்டைக்கு வரும் ஒருவரின் கையில் சவேஜின் ஏற்பாடு இருப்பதைத்தான் விரும்புவேன்.

இரண்டாவது ஸ்டாக். சவேஜோடு சில இடைத்தகடுகளும் கன்னம் வைக்கும் மேடுகளும் வருகின்றன. ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தால் வீட்டிலேயே ஸ்டாக்கை நீட்டலாம், குறைக்கலாம், கன்னத்துக்கு உயர்த்தலாம். வேட்டைக்காரருக்கு இது அலங்காரம் அல்ல. ஜூலையில் ரீ-சேர்ட்டோடு தோளில் சரியாக உட்காரும் ஸ்டாக், நவம்பரில் மூன்று அடுக்கு உடுப்புக்கு மேல் நீளமாகிவிடும். தூக்கும்போது அக்குளில் மாட்டும். சவேஜ்காரர் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். டிக்காவில் கைப்பிடிப் பகுதியை மாற்றலாம். நீளத்தை மாற்ற வேண்டுமானால் இடைத்தகடு தனியாக வாங்க வேண்டும். உயரம் குறைந்தவர்களும் பெண்களும் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சவேஜ் பக்கம் இருக்க, ஏன் டிக்காவை எடுத்தேன்? ஈரமும் குளிரும்தான் காரணம். துவக்கின் உள்ளே தண்ணீர் போனால் அதைக் கேம்பில், கையில் இருப்பதைக் கொண்டு, இரவு முடிவதற்குள் எடுக்க முடியுமா என்ற ஒரே கேள்வியில்தான் நான் முடிவு செய்தேன்.

கடுங்குளிர் துவக்குக்கு அவ்வளவு எதிரி அல்ல. மைனஸ் 20இல் பனி மாப்போல உலர்ந்து இருக்கும், தட்டிவிட்டால் போய்விடும். கெடுதல் செய்வது பூச்சியத்தைச் சுற்றிய நாட்கள். ஒன்ராறியோவின் பாரி சவுண்டுக்கு வடக்கே நவம்பர் முதல் வாரங்கள் அப்படித்தான் இருக்கும். பகலில் மழையும் பனியும் கலந்து கொட்டும். ஊசியிலை மரக்கிளைகளில் தேங்கிய ஈரப்பனி ஸ்கோப்பின் மேலும் போல்ட்டின் மேலும் விழுந்து உருகும். மாலையில் விறகடுப்பு எரியும் கேபினுக்குள் துவக்கைக் கொண்டுவந்தால் சில நிமிடங்களில் குழல் முழுக்க வியர்த்துவிடும். அந்த வியர்வை வெளியே மட்டும் இல்லை, போல்ட்டின் குழாய்க்குள் ரவையை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கும் இடத்திலும் படியும். விடியற்காலை மைனஸ் 8இல் மறுபடி வெளியே எடுத்துப் போகும்போது அது உறையும். பழைய எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம்; தண்ணீரோடு சேர்ந்து களிபோல் இறுகிவிடும்.

அப்போது விசையை அழுத்தினால் ஊசி பாய்வதில்லை, தள்ளாடிப் போய், ரவையின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரைத் தொடுகிறது. ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். எங்கள் குழுவில் ஒருவரின் பழைய துவக்கில் (இந்த இரண்டும் அல்ல) இது நடந்ததை அருகில் இருந்து பார்த்தேன். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி சற்று நேரம் காத்திருந்துவிட்டு ரவையை எடுத்துப் பார்த்தால், பிரைமரில் ஊசி பட்ட அடையாளம் நகம் பட்டதுபோல் மெல்லியதாக இருந்தது. மான் எப்போதோ போய்விட்டது. மானைவிட என்னை உறுத்தியது வேறு: காயப்பட்ட ஒரு மிருகத்துக்கு இரண்டாவது ரவை உடனே வேண்டியிருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன செய்வது?

டிக்காவின் போல்ட்டைக் கழற்றக் கருவி எதுவுமே வேண்டாம். போல்ட்டை வெளியே எடுத்து ஒரு கையால் உடலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பின்மூடியைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் வேகத்தில் அது உள்ளே துள்ளும். ஊசி, ஸ்பிரிங், பின்மூடி மூன்றும் ஒரே கூட்டாகப் பின்னால் வந்துவிடும். அந்தக் கூட்டுத்தான் போல்ட் கைப்பிடியையும் பிடித்து வைத்திருப்பதால், அது வந்ததும் கைப்பிடியும் பக்கவாட்டில் வழுக்கிக் கழன்றுவிடும். மேசையில் இருப்பது மூன்றே துண்டுகள்: உடல், கைப்பிடி, ஊசிக்கூட்டு. ஒரு துணியைச் சுருட்டி உடலுக்குள் விட்டு இழுக்கலாம், ஸ்பிரிங்கைத் துடைக்கலாம், அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து உலர்த்தலாம். தொலைவதற்குச் சிறு துண்டு எதுவும் இல்லை. மறுபடி பூட்டும்போதுதான் கை பலம் வேண்டும்: பின்மூடியை ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருகி, ஏற்றிய நிலையில் நிறுத்த வேண்டும். ஈரக்கையில் வழுக்கும். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்தால் சரி. அந்த நிலைக்கு வராவிட்டால் போல்ட் துவக்குக்குள் போகவே போகாது என்பதால் தவறாகப் பூட்டிவிட்டோமோ என்ற பயமும் இல்லை.

சவேஜின் போல்ட் வேறு ஜாதி. அதன் தலை தனித் துண்டு, உடலோடு ஒரு குறுக்கு ஊசியால் பிணைக்கப்பட்டு லேசாக ஆடும். போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பூட்டுப் பற்களும் ஒரே சீராகப் பதிய அந்த ஆட்டம் உதவுகிறது. சவேஜ் குறி தவறாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கழற்றுவதற்கு, ஸ்பிரிங்கைத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, பின்னால் உள்ள பெரிய திருகை அலன் கீயால் கழற்ற வேண்டும். கைப்பிடி வரும், தடுப்புத் தகடு வரும், ஒரு சிறு ஊசி வரும், அதன் பிறகுதான் பிரதான ஊசி வரும். தலையையும் பிரித்தால் குறுக்கு ஊசியும் வளையமும் சேரும். அந்தக் குறுக்கு ஊசியின் நடுவில் ஒரு துளை உண்டு. திரும்பப் பூட்டும்போது அந்தத் துளை சரியான திசையைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிரதான ஊசி அதற்குள்ளால் போகாது. வீட்டில், நல்ல வெளிச்சத்தில் இது ஒரு சிக்கலே இல்லை. பலகைத் தளத்தில் இடைவெளி உள்ள கேபினில், ஒற்றை விளக்கில், விறைத்த விரல்களோடு நான் அதைச் செய்ய மாட்டேன்.

நண்பரும் செய்வதில்லை. சீசனுக்கு முன்பே வீட்டில் போல்ட்டைப் பிரித்து, பிரேக் கிளீனரால் எண்ணெயை முழுக்கக் கழுவி, உள்ளே உலர்வாகவே பூட்டிவிடுவார். மாலையில் துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவராமல், ரவை எடுத்து, பெட்டிக்குள் பூட்டிக் குளிர்ந்த முன்னறையில் வைப்பார். அவரது சவேஜ் இதுவரை அவரை ஏமாற்றவில்லை. நானும் டிக்காவுக்கு இதையேதான் செய்கிறேன், நீங்கள் எதை வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். பிரேக் கிளீனர் பிளாஸ்டிக் ஸ்டாக்கிலும் ஸ்கோப் கண்ணாடியிலும் படக்கூடாது. பூட்டுப் பற்களுக்குப் பின்னால் மட்டும் கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் போதும். ஸ்டெயின்லெஸ் என்பதை நம்பிச் சும்மா இருக்கவும் கூடாது. அதுவும் துருப்பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒழுங்காக நடந்தால் சவேஜும் போதும். சதுப்பில் கால் இடறித் துவக்கு தண்ணீருக்குள் போன நாளிலும் நாள் முழுக்க உறைமழை பெய்த நாளிலும்தான் எனக்கு டிக்கா வேண்டும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம்: டிக்காவின் போல்ட்டை 70 பாகை தூக்கினால் திறக்கும். கையுறை போட்ட கைக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இடம் மிஞ்சும். சவேஜ் 90 பாகைக்குப் பக்கமாகத் தூக்க வேண்டும், புதிதில் சற்று இறுக்கமாகவும் இருக்கும். பழகப் பழகத் தளரும் என்று நண்பர் சொல்கிறார். அவரது துவக்கில் அது உண்மை.

சவேஜின் பெரிய பலம் ஒன்றை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அதன் குழல் ஒரு வளைய நட்டால் பூட்டப்பட்டிருப்பதால், உரிய சாவியும் அளவுமானிகளும் இருந்தால் குழலை வீட்டிலேயே மாற்றலாம். இடக்கைத் துவக்கு வேறு ரவைக்குக் கடையில் கிடைக்காதபோது, ஒரே துவக்கை வேறு குழலோடு வைத்துக்கொள்வது இடக்கைக்காரருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது எனக்கு விளங்குகிறது. டிக்காவின் குழலைக் கழற்றத் துவக்குத் திருத்துநரிடம்தான் போக வேண்டும். எனக்கு .308 மானுக்கும் போதும் மூஸுக்கும் போதும் என்பதால் இது என் கணக்கில் ஏறவில்லை. கைவேலையில் விருப்பம் உள்ளவரின் கணக்கில் இதுவே முதலில் நிற்கலாம். 1958இல் 110 வந்து, அடுத்த ஆண்டே அதன் இடக்கை வடிவத்தைச் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் கொண்டுவந்தது சவேஜ். மற்றவர்கள் எங்களை மறந்திருந்த காலத்தில் செய்த காரியம் அது. அந்த மரியாதையோடுதான் அதைத் தட்டிக் கழித்தேன்.

மகசின் பற்றிச் சுருக்கமாக. டிக்காவில் 3 ரவை, சவேஜில் 4. டிக்காவின் மகசின் பிளாஸ்டிக். உதிரியாக வாங்கப் போனால் விலை கடுக்கும். தொலைத்தால் அன்றைய வேட்டை முடிந்ததுபோல்தான், அதனால் இரண்டாவது ஒன்றைத் துவக்கோடு சேர்த்தே வாங்குங்கள். மறுவிற்பனைக்கு இடக்கைத் துவக்கு எதுவானாலும் ஆள் தேட நேரம் எடுக்கும். விற்கும் எண்ணத்தோடு இரண்டையுமே வாங்காதீர்கள்.

உயரத்துக்கு ஏற்ற ஸ்டாக் தேடுபவர், வேட்டைக்குப் புதியவர், குழல் மாற்ற ஆசைப்படுபவர் சவேஜை எடுக்கலாம். ஈரத்தில் நடந்து திரிந்து கேபினில் தங்கி வேட்டையாடுபவருக்கு நான் டிக்காவைத்தான் சொல்வேன். கடைக்குப் போகும்போது குளிர்காலக் கையுறையையும் தடித்த ஜக்கெற்றையும் கொண்டுபோங்கள். அவற்றைப் போட்டபடியே துவக்கைத் தோளில் வையுங்கள், சேஃப்டியைத் தள்ளிப் பாருங்கள், இரண்டு போல்ட்டையும் உங்கள் கண்முன்னே கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். கடையில் இடக்கை மாடல் இல்லையென்றால் கோடை தொடங்கும்போதே சொல்லி வைக்க வேண்டும். செப்ரெம்பரில் கேட்டால் அந்த நவம்பருக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.