தண்டவாளத்துக்கு மேலேயா, கீழேயா?

மேற்கு மாம்பலத்தில் வீடு, தி.நகரில் வேலை என்றால் தினமும் தண்டவாளத்தைத் தாண்டியே ஆக வேண்டும். வாடகைக்கு வீடு தேடியபோது துரைசாமி சுரங்கப்பாதை பக்கம் ஒன்றும் ரங்கராஜபுரம் மேம்பாலம் பக்கம் ஒன்றும் அமைந்தன. மேம்பாலத்துக்காகவே இரண்டாவதை எடுத்தேன்.

கேட் போட்டுக் காக்க வைப்பதைவிட இரண்டுமே மேல். ரயிலையே உயரத்தில் ஓட்டுவது இன்னொரு வழி, வேளச்சேரி பறக்கும் ரயில் மாதிரி. பயணியாகப் போய்வந்த அளவில் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தாம்பரம் தடத்தைத் தூக்குவது நடக்கிற காரியமா?

இடம் என்று பார்த்தால் சுரங்கப்பாதைக்கே லாபம். மேம்பாலம் மின்கம்பிகளையும் தாண்டி ஏற வேண்டும். தளத்தின் கனத்தோடு சுமார் 8 மீட்டர் என்று வையுங்கள். 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால் ஒவ்வொரு பக்கமும் 240 மீட்டர் சாலை அதற்கே போய்விடும். ஓரத்துக் கடைகளுக்கு நல்ல அடி.

சரி, மழைக்கு வருவோம். சுரங்கப்பாதைதான் அக்கம்பக்கத்திலேயே பள்ளமான இடம். தெருத் தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும். அதை இறைக்க மோட்டார், கரண்ட் போனால் ஜெனரேட்டர், ராத்திரி முழுக்க ஆள். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? பக்கத்து மழைநீர் வடிகாலில்தான். மோட்டாருக்கு வேலை வரும் நேரத்தில் அதுவும் நிரம்பித்தானே இருக்கும்! பருவமழை வலுத்தால் மூடிய சுரங்கப்பாதைகளின் பட்டியல் செய்தியில் வரும்: துரைசாமி, மேட்லி, அரங்கநாதன், கணேசபுரம். ரங்கராஜபுரத்திலேயே இருசக்கர வாகனங்களுக்கான சுரங்கப்பாதை ஒன்று உண்டு. அதன் வாயில் தடுப்பு வைத்திருக்கும்போதும் மேம்பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் வடிந்தாலும் சேறு வார வேண்டும், சாலையில் விழுந்த குழிகளை அடைக்க வேண்டும். இந்தச் செலவு வருஷா வருஷம் வரும்.

மேம்பாலத்துக்கும் பராமரிப்பு உண்டு. தளம் இணையும் இடங்களில் டூவீலர் தடக்கென்று குலுங்கும், அதைச் சரிசெய்யப் போக்குவரத்தை நிறுத்தியாக வேண்டும். ஆனால் 1960-களில் கட்டிய கோடம்பாக்கம் மேம்பாலத்தில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

நடப்பவர்கள் விஷயத்தில் என் கட்சி பலவீனம்தான். காய்கறிப் பையோடு அம்மா பாலத்தின் படியை ஏறவே மாட்டார். சுரங்கப்பாதை வழியாக என்றால் அலுக்காமல் நடப்பார். வீட்டில் நடந்தே போய்வருகிறவர் இருந்தால் துரைசாமி பக்கமே வீடு பாருங்கள்.