ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

கடையில் கேமரா வைத்து வீட்டிலிருந்து பார்க்க நினைப்பவர்கள், கடைக் கணினியில் உள்ள டேலி கணக்கு மென்பொருளை வெளியூரிலிருந்து திறக்க வேண்டியவர்கள் கொஞ்சம் கவனம். ஐபி என்பது இணைப்பில் ஒரு கருவிக்கு உள்ள முகவரி எண், அது மாறாமல் இருந்தால் ஸ்டாட்டிக் ஐபி. அதைத் தருகிறோம் என்று பணம் வாங்கிக்கொண்டு, உங்கள் ரவுட்டரே சும்மா தருகிற எண்ணைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஹார்டுவேர் கடை. கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி பழையது. வெளியிலிருந்து பார்க்க ஸ்டாட்டிக் ஐபி வேண்டும் என்றார் கேமராக்காரர். ஃபைபர் இணைப்பு தரும் உள்ளூர் நிறுவனத்தைக் கேட்டோம். ஆண்டுக்கு 2,500 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. ஆக 2,950. கட்டியாயிற்று.

ஒரு பையனை அனுப்பினார்கள். டிவிஆரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபி (ரவுட்டரே எண் கொடுக்கும் வசதி) என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தான். கீழே 192.168.1.50 என்று தட்டி சேவ் கொடுத்தான். அப்புறம் என் போனை வாங்கி ஆப்பைத் திறந்து காட்டினான். கல்லாப்பெட்டி, ஷட்டர், பெயின்ட் ரேக் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "பாத்துக்கங்கண்ணே, இனிமே இந்த நம்பர் மாறவே மாறாது" என்றான். என் போன் கடை வைஃபையில் இருந்தது. வைஃபைக்குள் இருந்தால் ஸ்டாட்டிக் ஐபி இல்லாமலே அந்தப் படம் வரும்.

வீட்டுக்குப் போய்த் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தால், "சார், உங்க டிவிஆர் பழசு." கேமராக்காரரைக் கேட்டால், "லைன்ல ஏதோ கோளாறு, அவங்களையே கேளுங்க." இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசியே நாள் ஓடியது.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன்தான் கண்டுபிடித்தான். "மாமா, ரவுட்டர் பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று வாங்கி, ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்ற வரியைக் காட்டினான். இணைப்பு நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் வெளிப்பக்க எண் அது. அந்த எண் 100.72 என்று தொடங்கியது. "இது பப்ளிக் ஐபியே இல்ல மாமா. வெளியிலேர்ந்து யாரும் இந்த நம்பருக்கு வர முடியாது."

விஷயம் இதுதான். 192.168 என்று தொடங்குபவை, 10 என்ற எண்ணும் உடனே புள்ளியுமாகத் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை எல்லாம் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். இணையத்தில் அவற்றைச் சொல்வது, தபாலில் 'மூணாவது வீடு' என்று மட்டும் முகவரி எழுதுவது போல. எல்லாத் தெருவிலும் ஒரு மூணாவது வீடு இருக்கிறதே! 100.64 முதல் 100.127 வரை உள்ளவை இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள 2012இல் ஒதுக்கப்பட்டவை. இப்படி எண் கொடுக்கும் ஐபிவி4 முறையில் மொத்த எண்களே சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011லேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே பப்ளிக் எண்ணின் பின்னால் பல வீடுகளை அடைக்கிறார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை, யூடியூப் பார்க்க அது போதும். தனி எண்ணுக்குப் பணம் வாங்கிவிட்டு அதே கூட்டத்தில் நம்மையும் விட்டுவைப்பதுதான் ஏமாற்று.

நீங்களே பார்த்துவிடலாம். விண்டோஸில் சிஎம்டி (cmd) திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரி வரும். அது உங்கள் கணினியின் உள் எண். அதன் கீழே டிஃபால்ட் கேட்வே என்று இருப்பது ரவுட்டரின் எண். அந்த எண்ணை பிரவுசரில் போட்டால் ரவுட்டர் பக்கம் திறக்கும். அங்கே வான் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அது சொல்லும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிடுங்கள். விபிஎன் (உங்கள் எண்ணை மறைத்து வேறு எண் காட்டும் வசதி) இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பப்ளிக் ஐபி. ரவுட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் போட்டாலும் அதே எண் வர வேண்டும், மாறினால் அது ஸ்டாட்டிக் இல்லை. கேமராவைச் சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், வந்த ஆள் எதிரிலேயே!

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பியதும் அந்த அலுவலகத்திலிருந்து வந்த பதிலைக் கேளுங்கள்: "ஸ்டாட்டிக்னுதான் சார் சொன்னோம், பப்ளிக்னு சொல்லலையே." பில்லிலும் 'ஸ்டாட்டிக் ஐபி சார்ஜ்' என்றுதான் போட்டிருந்தார்கள். ஆகவே 'பப்ளிக் ஸ்டாட்டிக் ஐபிவி4' என்று எழுதி, அந்த எண்ணையும் சேர்த்து, பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

புகாரைப் போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதியலாம். நாங்கள் மேல்முறையீடு எழுதிய பிறகுதான் 2,500 திரும்பி வந்தது. ஜிஎஸ்டி 450 ரூபாயை "கவர்ன்மென்டுக்குக் கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உண்மையிலேயே பப்ளிக் ஐபி கிடைத்தவர்கள் டிவிஆரின் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டோடு அப்படியே விடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது.

நாங்கள் கடைசியில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்க்கும் புது டிவிஆர் வாங்கிவிட்டோம். அதற்கு ஸ்டாட்டிக் ஐபியே தேவையில்லை. கேமராக்காரர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.