அக்கரம்: தாயையும் குழந்தையையும் சேர்த்து யாரிடம் காட்டுவது?

என் சின்ன மகளுக்கு அப்போது ஐந்து வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு அவளைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டால், அவள் வாய் வைக்கும் முன்பே என் கால் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்ளும். குடித்து முடித்து அவள் தூங்கிப்போவாள். எனக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும்: மார்க்காம்பில் மிளகாய் அரைத்துப் பூசியது போல, அரை மணி நேரத்துக்கு எரிச்சல். ஒருநாள் காலையில் அம்மா செல்போன் டார்ச் அடித்துக் குழந்தையின் வாயைப் பார்த்தார். நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை. “அக்கரம்தான்டி. மாசிக்காய் உரசித் தடவினா நாலு நாள்ல போயிடும்.”

போகவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் கைவைத்தியம், மருந்துக்கடை, மகளிர் டாக்டர், குழந்தை டாக்டர், கடைசியில் பாலூட்டல் ஆலோசகர் என்று ஐந்து வாசல் ஏறி இறங்கினேன். அக்கரம் இரண்டு உடம்பில் இருக்கும் ஒரே நோய். நம் ஊரில் ஒவ்வொரு வாசலும் அதில் ஒரு பாதியைத்தான் பார்க்கிறது.

அந்த வெள்ளைக்குக் காரணம் கேண்டிடா என்ற பூஞ்சை. பெரும்பாலானவர்கள் உடம்பில் அது சும்மா இருக்கும். இடம் கிடைத்தால் பெருகும். சிசேரியன் ஆனவர்களுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால் இடம் தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கும் சிசேரியன்தான். குழந்தை வாயிலிருந்து தாயின் காம்புக்கு, காம்பிலிருந்து திரும்ப வாய்க்கு என்று அது மாறி மாறிப் போய் வரும். ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்பி வந்துவிட வழி இருக்கிறது.

வெறும் பால் படிவா, அக்கரமா என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். கொதித்து ஆறிய நீரில் சுத்தமான துணியை நனைத்து மெதுவாகத் துடைத்தால் பால் படிவு வந்துவிடும். அது பெரும்பாலும் நாக்கில் மட்டும்தான் இருக்கும். அக்கரம் உள்கன்னம், ஈறு வரைக்கும் ஒட்டிக்கொண்டு லேசில் வராது. தேய்த்தால் அடியில் சிவந்து ரத்தம் கசியும் என்பதால் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

கைவைத்தியம்

மாசிக்காயை உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் தலைமுறையாக நடப்பது. மாசிக்காயில் துவர்ப்புச் சத்து அதிகம், அதனால் ஏதோ பலன் இருக்கலாம். ஆனால் ஈரமான உரைகல்லும் கழுவாத விரலும் ஐந்து வாரக் குழந்தையின் வாய்க்குள் போவதை நினைத்துப் பாருங்கள். அம்மா தடவிய மூன்று நாளும் குழந்தை அழுதாள், வெள்ளை அப்படியே இருந்தது. மாசிக்காயைக்கூட விட்டுவிடலாம். பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன “தேனில் குழைத்த வெங்காரம்” மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காரம் குழந்தைக்கு விஷம். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. தசைகளைத் தளர்த்தி மூச்சையே நிறுத்தக்கூடிய பாட்டுலிசம் என்ற நச்சுநோய்க்கு அது வழி.

மருந்துக்கடை

சீக்கிரம் கிடைப்பது இதுதான். டோக்கன் இல்லை, காத்திருப்பு இல்லை, யாரிடமும் உடம்பைக் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் பாதிப் பெண்கள் இங்கே போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். “அண்ணே, பால் குடுக்குற இடத்துல எரிச்சலா இருக்கு” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவரும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார்.

இரண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக எரிந்தது. அப்புறம்தான் அட்டையைத் திருப்பிப் படித்தேன். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்திருந்தார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கிவிடும், அதனால் குணமான மாதிரி தெரியும். அதே சமயம் தோலின் எதிர்ப்பையும் அமுக்குவதால் பூஞ்சை அடியில் வளரும். இந்தக் கலவைகளைக் கண்டபடி போட்டதால்தான் நம் நாட்டில் படர்தாமரை இத்தனை முரண்டு பிடிக்கிறது என்று தோல் டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. எந்தக் கடையில் சீட்டு கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வீக்கம் அதிகமாக இருந்தால் டாக்டரே சில நாளுக்கு லேசான ஸ்டீராய்டு எழுதுவது உண்டு. பார்த்து எழுதுவது வேறு, குனிந்த தலையைப் பார்த்துக் கொடுப்பது வேறு.

மகளிர் டாக்டரா, குழந்தை டாக்டரா?

உண்மையான போட்டி இந்த இருவருக்கும்தான்.

பிரசவம் பார்த்த டாக்டரிடம் போவதுதான் இயல்பாகத் தோன்றும். நம் உடம்பு அவருக்குத் தெரியும், என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார், சர்க்கரை இருந்ததா என்பதெல்லாம் ஃபைலில் இருக்கும், கூச்சமும் குறைவு. மார்பில் கட்டி, காய்ச்சல், சீழ் என்றால் சந்தேகமே வேண்டாம், அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஓபியில் நாற்பது கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும்போது, பிரசவம் முடிந்து ஐந்து வாரமான பெண்ணின் காம்பு எரிச்சல் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. நான் போன இடத்தில் டாக்டர் என் மார்பைப் பார்த்தார், குழந்தையின் வாயைப் பார்க்கவில்லை. ஃப்ளூகோனசோல் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்து, “குழந்தைக்குக் குழந்தை டாக்டரைப் பாருங்கம்மா. வலிச்சா ரெண்டு நாள் பவுடர் பால் குடுங்க” என்றார்.

இதில் இரண்டு சிக்கல். அந்த 150 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைக்கான வழக்கமான அளவு. காம்பில் ஆழமாக இருக்கும் தொற்று என்று கருதி ஃப்ளூகோனசோல் கொடுத்தால், அதைப் பல நாள் தொடர்ந்து கொடுப்பதுதான் முறை. இன்னொன்று, அக்கரத்துக்காகப் பாலை நிறுத்தத் தேவையே இல்லை. திடீரென நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், அது வேறு ஒரு வினை. வலி தாங்க முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊட்டலாம்.

குழந்தை டாக்டரிடம் நான்கு நாள் கழித்துப் போனேன். கட்டணம் 400 ரூபாய். அவர் நாக்கை அடக்கும் பட்டையை வைத்து வாயைத் திறந்து, காஸ் துணியால் உள்கன்னத்தை ஒற்றி எடுத்துப் பார்த்தார். குழந்தையைத் திருப்பிப் போட்டு டயப்பர் இடத்தையும் பார்த்தார். அங்கேயும் சிவந்த தடிப்பு, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள். அதுவும் அதே பூஞ்சைதான். நான் டயப்பர் உரசல் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு, “உங்களுக்கு எரியுதாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை, நான்தான் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிஸ்டரைக் கூப்பிட்டு நிறுத்தி என்னையும் பார்த்துவிட்டு, இருவருக்கும் ஒரே நாளில் ஆரம்பிக்கும்படி மருந்து எழுதினார்.

எல்லாக் குழந்தை டாக்டரும் இப்படிச் செய்வார்கள் என்று சொல்ல மாட்டேன். “நான் குழந்தைக்குத்தான் எழுதுவேன்” என்பவர்களும் உண்டு. ஆனாலும் முதல் வாசலாக எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் ஓட்டு குழந்தை டாக்டருக்குத்தான். வாய் அக்கரத்தைத் தினமும் பார்ப்பவர் அவர். தடுப்பூசிக்காக எப்படியும் ஆறாவது வாரம் அங்கே போகத்தான் போகிறோம். உள்ளே நுழைந்ததும் “ரெண்டு பேரையும் பாருங்க டாக்டர்” என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சீட்டில் குழந்தை பெயர் மட்டும்தான் இருக்கும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையம்

காசு இல்லை, கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், தாயும் குழந்தையும் ஒரே பதிவேட்டில் இருப்பார்கள். தனியார் டாக்டர்களிடம் இல்லாத அந்த ‘சேர்த்துப் பார்க்கும்’ பழக்கம் இங்கே அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மாதிரி தாய்ப்பால் வங்கி நடக்கும் இடங்களில் பாலூட்டலைப் பற்றித் தெரிந்த செவிலியர்கள் கிடைப்பார்கள்.

குறை என்று சொன்னால், சில இடங்களில் இன்னும் அந்த ஊதா மருந்து, ஜென்ஷன் வயலட். அரசின் குழந்தை நல வழிகாட்டுதலில் 0.25 சதவீதக் கரைசலாக அது நெடுங்காலம் இருந்துவருகிறது. விலை மலிவு, வேலையும் செய்யும். ஆனால் அளவு கூடினால் குழந்தையின் வாய் புண்ணாகிவிடும். புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று 2019-இல் கனடா அரசின் சுகாதாரத் துறை எச்சரித்தது. வேறு மருந்து இருந்தால் அதையே கேளுங்கள். போட்ட நைட்டியிலிருந்து கறை போகாது என்பது என் அக்கா தரும் கூடுதல் தகவல்.

தோல் டாக்டரும் போன் டாக்டரும்

இரண்டு வாரம் சரியான மருந்து போட்டும் ஆறவில்லை, அல்லது ஒரே பக்கத்தில் மட்டும் செதில் செதிலாக உரிந்து ஆறாமல் கிடக்கிறது என்றால் தோல் டாக்டர். கரப்பான் (எக்ஸிமா), க்ரீம் ஒவ்வாமை, அரிதாக மார்புப் புற்றின் ஒரு வகைகூட இப்படித் தொடங்கலாம். முதல் வாரத்திலேயே ஓட வேண்டியதில்லை.

போனில் ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104 இருக்கிறது, மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம், இரண்டும் இலவசம். வீட்டை விட்டுக் கிளம்ப முடியாத முதல் சில வாரங்களுக்கு உபயோகம்தான். ஆனால் கேமரா வெளிச்சத்தில் எல்லா நாக்கும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

பாலூட்டல் ஆலோசகர்

இவர் மருந்து எழுத மாட்டார். பெரிய ஊர்களில்தான் கிடைப்பார், கட்டணமும் அதிகம். இவ்வளவு குறை சொல்லிவிட்டும் இவரை நான் குழந்தை டாக்டருக்கு அடுத்த இடத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

காம்பு எரிகிறது என்றாலே பூஞ்சை என்று முத்திரை குத்துவது சரியா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டையே இருக்கிறது. மெல்போர்னில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, எரியும் வலிக்கும் கேண்டிடாவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஸ்பெயினிலிருந்து 2017-இல் வந்த ஆய்வு, பூஞ்சைக்குப் பெரிய பங்கில்லை, பெரும்பாலும் பாக்டீரியாதான் என்றது. அதோடு குழந்தை சரியாகக் கவ்வாதது, நாக்குக் கட்டு (நாக்கின் அடிச் சவ்வு நாக்கை இழுத்துப் பிடிப்பது), கரப்பான் எல்லாமே கிட்டத்தட்ட இதே மாதிரிதான் வலிக்கும். பால் கொடுத்து முடித்ததும் காம்பு வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, அப்புறம் சிவந்தால் அது ரத்தக்குழாய் சுருங்குவதால் வரும் வலி. ஏசி அறையில் அதிகமாகும், அதற்குப் பூஞ்சை மருந்து ஒன்றும் செய்யாது.

எனக்கு மருந்து தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து எரிச்சல் குறைந்தது, ஒரு வாரத்தில் குழந்தை வாய் சுத்தம். ஆனால் இடது பக்கத்தில் மட்டும் குத்தும் வலி நின்றபாடில்லை. ஆலோசகர் என்னைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். அதுவரை அந்த வேலையை யாரும் செய்யவில்லை. குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருந்தாள். அவளை என் வயிற்றோடு ஒட்டித் திருப்பி, வாய் பெரிதாகத் திறந்த நொடியில் கீழ்த்தாடை முதலில் படும்படி மார்போடு சேர்த்து அணைக்கச் சொன்னார். கால் கட்டைவிரல் மடங்கவில்லை.

சீட்டில் என்ன எழுதுவார்கள்?

குழந்தையின் வாய்க்கு நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட். பால் கொடுத்த பிறகு சுத்தமான விரலாலோ பஞ்சாலோ தடவ வேண்டும். நிஸ்டாட்டின் சொட்டு மருந்து பழையது, பாதுகாப்பானது. மைக்கோனசோல் ஜெல் நன்றாக வேலை செய்யும். ஆனால் கெட்டியானது என்பதால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, நான்கு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஸ்பூனில் ஊற்றவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ வேண்டும். தாய்க்கு மைக்கோனசோல் அல்லது க்ளோட்ரிமசோல் க்ரீம், பால் கொடுத்த பிறகு மெல்லிசாக. அடுத்த முறை கொடுக்கும் முன் கண்ணுக்குத் தெரியும் மிச்சத்தைத் துடைத்தால் போதும், சோப்புப் போட்டுக் கழுவத் தேவையில்லை.

வெள்ளை மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். டாக்டர் சொன்ன நாள் வரை தொடருங்கள். ஒரு வாரம் ஆகியும் மாற்றம் தெரியாவிட்டால் அதே மருந்தை மறுபடி வாங்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். குழந்தைக்கு அக்கரம் திரும்பத் திரும்ப வந்தால் எதிர்ப்புச் சக்தியையும், தாய்க்குச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மார்பில் சிவந்து சூடான கட்டியோடு காய்ச்சல் வந்தாலோ, குழந்தை பாலே குடிக்காமல் ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். அன்றைக்கே, எது பக்கத்தில் இருக்கிறதோ அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.