பணிக்கரைப் பார்க்க ஈஞ்சம்பாக்கம் செல்லுங்கள்: சோழமண்டலம் அருங்காட்சியகம், ஒரு மதிப்புரை

சென்னையில் நவீன ஓவியம் பார்க்க ஓர் இடத்துக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்ய உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அருங்காட்சியகத்தையே தயங்காமல் சொல்வேன். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்கையில் இடப்புறம், சாலைக்கும் கடலுக்கும் நடுவே இது இருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா கலைக் கிராமத்துக்குப் போகும் குடும்பங்கள் இதைக் கடந்துதான் போகின்றன. ஆனால் பலருக்கு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதே தெரிவதில்லை. நுழைவுக் கட்டணம் சிறியது. உள்ளே இருப்பதோ, தென்னிந்தியாவில் ஓவியமும் சிற்பமும் கடந்த நூற்றாண்டின் நடுவில் எடுத்த ஒரு பெரிய திருப்பத்தின் நேரடிச் சான்று.

அந்தத் திருப்பத்தின் மையத்தில் இருப்பவர், இந்தக் கிராமத்தை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி அவர். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் முதல்வர். பின்னர் பணிக்கர் அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை முதல்வராகவும் இருந்தார். இடையில் 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஓவியப் படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதை ஆசிரியராகவும் முதல்வராகவும் அவர் பல ஆண்டுகள் அருகிருந்து பார்த்தார் என்பதுதான் இந்த இடத்தைப் புரிந்துகொள்ள முக்கியமானது. துணி ஆலையில் டிசைன் போடப் போனவர்களும், விளம்பர நிறுவனத்தில் எழுத்து வரையப் போனவர்களும், சில ஆண்டுகளில் தூரிகையையே மறந்துபோனார்கள்.

அதற்கு அவர் கண்ட வழி எளிமையானது, ஆனால் துணிச்சலானது. ஓவியர்கள் தங்கள் கையாலேயே கைவினைப் பொருள்கள் செய்து விற்று வயிற்றைக் கழுவுவது. ஓவியத்தையும் சிற்பத்தையும் யாருடைய விருப்பத்துக்கும் வளைக்காமல் தமக்காகச் செய்வது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து மெழுகு உருக்கி, அதைத் துணியில் பூசிச் சாயமேற்றும் பாட்டிக் முறையில் துணிகள் செய்தார்கள். அவற்றை விற்று வந்த பணத்தில்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப்பட்டது. அன்று அது வெறும் மணல் வெளி. அரசு மானியத்தையோ ஒரு செல்வந்தரின் கொடையையோ நம்பி இருக்காமல், ஓவியர்கள் தாமே உழைத்து வாங்கிய மண் இது என்பதை எண்ணிக்கொண்டே நடந்தால், ஒவ்வொரு வீட்டின் சுவரும் வேறு மாதிரித் தெரிகிறது. பணிக்கர் வரைந்தவற்றில் ஆகப் பெரியது இந்தக் கிராமம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2009-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி வளர்ந்த சென்னைக் கலை இயக்கத்தைச் சேர்ந்த பலரின் படைப்புகள் உள்ளன. என் யோசனை, முதலில் பணிக்கரின் முன் நிற்க வேண்டும் என்பது. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை அவர் 1963-ல் தொடங்கினார். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தில் எண்களும் எழுத்துகளும் கோடுகளும் கலந்து கிடந்த விதம் அவருக்கு அந்த வழியைக் காட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ஜாதகக் கட்டம் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் தோன்றும். அருகே போனால், கட்டங்களுக்குள் மலையாள எழுத்தின் சாயலில் வரி வரியாக நெருக்கமாக ஏதோ எழுதியிருக்கும். மலையாளம் தெரிந்தவரும் அதைப் படிக்க முடியாது. பொருள் தேடிக் கண் தோற்றுப்போன பிறகுதான் வரிகளின் நெளிவும், இடையில் நீந்தும் மீனும், பறவையும், அவற்றைத் தாங்கும் நிறமும் கண்ணில் படத் தொடங்குகின்றன. மேலை நாட்டு நவீன ஓவியத்தை நன்கு அறிந்த ஒருவர், அதைத் திருப்பிச் செய்யாமல், நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகத்திலிருந்து ஒரு புதிய ஓவிய மொழியை உண்டாக்கியிருக்கிறார். இதற்காக மட்டுமே இங்கு வரலாம்.

அடுத்து பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்களிடம் நேரம் செலவிடுங்கள். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இவை சட்டென்று நெருங்கிவரும். தகட்டை அடித்து உருவம் எழுப்பி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கண், இமை, ஆடையின் மடிப்பு ஆகியவற்றைக் கோடாகவே வரைந்திருக்கிறார். சுற்றிவந்து பார்க்கத் தேவையில்லாமல் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் சிற்பங்கள் இவை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் இதே முன்முகப் பாணியை எடுத்துக்கொண்டு, பித்தளையிலும் செம்பிலும் கதை சொல்லும் சிற்பங்களாக வளர்த்தார். மத்திய இந்தியாவின் பஸ்தர் பகுதிப் பழங்குடிக் கலையின் தாக்கம் கொண்ட சுல்தான் அலியின் காளைகளும் தவறவிடக் கூடாதவை. ஒருவர்போல் இன்னொருவர் வரையவில்லை என்பது பணிக்கர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதற்குச் சாட்சி.

வெளியே மரநிழலில் கருங்கல் சிற்பங்கள் இருக்கின்றன. குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு அந்தத் தோட்டமே போதும். லேபர்னம், இண்டிகோ என்ற இரு காட்சிக்கூடங்களில் இன்றைய ஓவியர்களின் கண்காட்சிகள் மாறி மாறி நடப்பதால், மறுமுறை போனாலும் புதிதாக ஏதாவது கிடைக்கும். வார நாளில் காலையில் போவது நல்லது. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்: கிராமத்துக்குள் இருப்பவை ஓவியர் குடும்பங்கள் வாழும் வீடுகள். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும் முறையல்ல.

பணிக்கரின் முழு வாழ்க்கையையும் இந்த ஓர் இடத்தில் எதிர்பார்க்க வேண்டாம். கேரளத்தின் நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய இளம் பணிக்கரிலிருந்து கடைசிக்காலம் வரை தொடர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள், திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே உள்ள காட்சிக்கூடத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் ஈஞ்சம்பாக்கத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 1977-ல் மறைந்த அந்த மனிதர் யாருக்காக இவ்வளவும் செய்தார் என்பதை அறிந்தபின் திருவனந்தபுரத்தில் அவருடைய ஓவியங்களைப் பார்ப்பது கூடுதல் பயன் தரும்.